குறட்டை நின்றபோது

பகல் ரயிலில் சந்தானம் உட்கார்ந்தபடியே குறட்டை விட்டார். எதிர் இருக்கைக்காரர் முகம் சுளித்தார். திடீரென்று சத்தம் நின்றது.

“அப்பாடா!” என்றார் அவர்.

பக்கத்தில் இருந்த மனைவி வேதவல்லி சட்டென்று சந்தானத்தின் பக்கம் திரும்பினாள். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதைக் கணவரின் பலவீனமான இதயம் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்கான பரிசோதனைக்குத்தான் போய்க்கொண்டிருந்தார்கள். அவர் மார்பு அசையவில்லை.

“என்னங்க! மூச்சு விடுங்க!” என்று தோளைப் பிடித்து உலுக்கினாள்.

நீரில் மூழ்கி எழுந்தவர்போல் அவர் காற்றை இழுத்தார். “கொஞ்சம் தூங்க விடேன், வேதா,” என்று கெஞ்சினார். அவள் பதில் சொல்லுமுன் இமைகள் மூடிக்கொண்டன.

எதிரே இருந்தவர் வெளிறிப்போயிருந்தார். “நீங்க சாஞ்சுக்குங்கம்மா. நான் பாத்துக்கறேன்.”

ரயில் பாலத்தில் ஏறியது. அந்த இரைச்சலில் எந்த மூச்சும் கேட்கவில்லை. அவள் கணவரின் மூக்கருகே விரலைக் கொண்டுபோனாள்.