தண்ணீர் விழும் படம்

நடுப்பகல் வெயில் எட்டுச் சூரியப் பலகைகளிலும் தகதகக்கிறது. நேற்றுப் பொருத்திய சூரிய மோட்டாரில் ஒரு குறையும் இல்லை. டீசல் புகை இல்லை, காதைக் கிழிக்கும் இரைச்சல் இல்லை. ஆழ்துளைக் கிணற்றில்தான் தண்ணீர் இல்லை. "தண்ணி விழுற போட்டோ இருந்தாதாண்ணே வேலை முடிஞ்சதுன்னு ஆபீஸ்ல ஒத்துக்குவாங்க. இந்த வருஷத்துல ஆயிரமாவது மோட்டார் உங்களுது, பேப்பர்ல வரும்" என்கிறான் மோட்டார் பொருத்த வந்தவன், போனைத் தூக்கிப் பிடித்தபடி. விவசாயி குழாயைக் கழற்றிச் சாய்த்து வைத்துவிட்டு, அதன் வாயருகே கையேந்தி உட்காருகிறார். பலகைகளுக்குப் பின்னால் மறைந்து நின்று அவர் மனைவி, காலையில் லாரியில் பிடித்த குடிதண்ணீரை மறுமுனையில் ஊற்றுகிறாள். இருப்பது ஒரு குடம்தான். தண்ணீர் வெள்ளிக் கம்பியாக இறங்கி அவர் உள்ளங்கையில் பட்டுச் சிதறுகிறது. வெடித்துக் கிடக்கும் மண் அதைச் சத்தமில்லாமல் குடித்துவிடுகிறது. எங்கிருந்தோ ஒரு குளவி வந்து அந்த ஈரத்தில் உட்காருகிறது. "கண்ணை மூடிட்டீங்கண்ணே. இன்னொரு தடவை." பலகைகளுக்குப் பின்னாலிருந்து மனைவியின் குரல் வருகிறது: "லாரி இனிமே வியாழக்கிழமைதான் வரும்." போன் இன்னும் இறங்கவில்லை. அவர் ஏந்திய கையை எடுக்காமல், இந்த முறை கண்ணை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டிருக்கிறார். உள்ளங்கை அதற்குள் காய்ந்துவிட்டது.