பதினான்கு நாள் அவகாசம்

ஒரு காட்டில் முள்ளம்பன்றியும் கீரியும் உடும்பும் ஒரே வளையைக் கூட்டாக நடத்திவந்தன. தலைமைப் பொறுப்பு முள்ளம்பன்றிக்கு. நரியையும் பங்காளியாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்று கீரி சொன்னபோது முள்ளம்பன்றி ஒரேயடியாக மறுத்துவிட்டது.

மறுநாளே கீரி வந்து நின்றது. “அக்கா, உங்களைப் பொறுப்புல இருந்து நீக்கத் தீர்மானம் கொண்டுவரப் போறோம். சட்டப்படி பதினாலு நாள் அவகாசம் இருக்கு. கூட்டத்துல உங்க தரப்பைத் தாராளமா சொல்லலாம்.”

அந்தப் பதினான்கு நாளும் முள்ளம்பன்றி பேச வேண்டியதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டது. கீரி எப்படியும் எதிராகத்தான் நிற்கும். ஆனால் கால் முறிந்து வந்த நாளில் தான் அடைக்கலம் கொடுத்த உடும்பு தன்னைக் கைவிடாது என்று நம்பியது.

கூட்டத்தில் அது மனம்விட்டுப் பேசியது. நரி உள்ளே வந்தால் ஒருவரும் மிஞ்ச மாட்டோம் என்றது. யாரும் குறுக்கிடவில்லை. உடும்பின் கண்கள்கூடக் கலங்கின.

பிறகு கீரி கை தூக்கியது. உடும்பும் தூக்கியது.

“நான் சொன்னதுல என்ன தப்பு தம்பி?” என்று கேட்டது முள்ளம்பன்றி.

“ஒரு தப்பும் இல்லக்கா,” என்றது உடும்பு, தரையைப் பார்த்தபடி. “ஆனா, நாங்க முடிவு பண்ணின பிறகுதானே உங்களுக்குத் தகவலே சொன்னோம்.”

முள்ளம்பன்றி எழுந்தது. இரண்டும் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டன.