நம்ம ஆளு

இந்தத் தீவின் இன்றைய விலை ஒரு சவக்குழி. இங்கே எந்த நாட்டுக்காரரைப் புதைக்கிறார்களோ, தீவும் அந்த நாட்டுக்கே சொந்தம் என்று வழக்காடலாமாம். கலங்கரை விளக்கக்காரர் சாப்பாட்டு மேசைமேல் செத்துக் கிடக்கிறார். இரு நாட்டு அதிகாரிகளும் ஜவுளிக்கடையில் தள்ளுபடிச் சேலைக்கு அடித்துக்கொள்வதுபோல ஆளுக்கொரு கொடியை அவர்மேல் இழுத்துப் போர்த்துகிறார்கள். சன்னல் வெயில் அவருடைய கால் கட்டைவிரலில் மட்டும் விழுகிறது. "இவரு நம்ம ஆளும்மா" என்கிறார் ஒருவர். "விடுங்க அண்ணி, எங்க ஆளு" என்று குழைகிறார் மற்றவர். மனைவி அந்த விரலை முந்தானையால் மூடுகிறாள். "நேத்து நெஞ்சு வலிக்குது, படகு அனுப்புங்கன்னு கதறினப்ப, ரெண்டு பேருமே 'அவங்க ஆளு'ன்னுதானேய்யா சொன்னீங்க!" இருவரும் கொடியின் சுருக்கத்தை நீவிவிடுகிறார்கள். அவள் கேட்டது ஒரு படகு. கரையில் இப்போது இரண்டு நிற்கின்றன, ஒன்று கொசுறு.