வேலியோரத்துப் பரட்டைத்தலை

ஒரு பங்களாவின் முன்னால் கொரியன் புல் கம்பளம்போல் படுத்திருந்தது. அதற்குத் தினமும் இரண்டு வேளை தண்ணீர், வாரம் ஒரு முறை முடிவெட்டு. வேலியோரம் தானாக முளைத்த கொழுக்கட்டைப்புல் சித்திரை வெயிலில் வைக்கோல் நிறத்தில் நின்றது.

“பரட்டைத்தலை அக்கா, நாளை இங்கே விருந்து. நீ அசிங்கமாக இருக்கிறாயாம். காலையில் மண்வெட்டி வரும்” என்றது கொரியன் புல்.

“மழைக்குப் பச்சை, பனிக்கு ஊதாக் கதிர், வெயிலுக்கு இந்த நிறம். நான் உடுப்பு மாற்றுகிறேன். நீதான் வருஷம் முழுக்க ஒரே சட்டை, தம்பி.”

கொழுக்கட்டைப்புல் புதருக்குள் கூடு கட்டியிருந்த சில்லைக்குருவி பதறியது. “வாயடிக்கிற நேரமா அக்கா? உள்ளே என் மூன்று முட்டை இருக்கிறதே!”

“கதிர் முற்றியிருக்கிறது. விடியும்போது உன் சொந்தக்காரர்களை எல்லாம் சாப்பிடக் கூப்பிடு.”

காலையில் தோட்டக்காரர் மண்வெட்டியை ஓங்கினார். வீட்டுக்காரர் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கதிருக்கு ஒன்றாக நாற்பத்துமூன்று சில்லைகள் தொங்கி ஊஞ்சலாடிக்கொண்டிருந்தன. வெயில் பட்டுப் புதர் முழுவதும் பொன்னாக மினுங்கியது.

“இருப்பா, கலைத்துவிடாதே! வருகிறவர்கள் எல்லாரும் இதைப் பார்க்க வேண்டும்.”

மாலையில் விருந்தாளிகள் வேலியைப் பார்த்து வரிசையாக நின்று செல்போனில் படம் எடுத்தார்கள். அத்தனை செருப்பும் கொரியன் புல்லின் மேல்தான்.

“ஐயோ அக்கா, நசுங்குகிறேன்!” என்று அது நெளிந்தது.

“கொஞ்ச நேரம் ஆடாமல் இரு, தம்பி” என்றது கொழுக்கட்டைப்புல். “படம் கலங்கிவிடும்.”