தனியாக விசாரித்தார்கள்

காலையில் எல்லோருக்கும் புதுக் கையுறை கொடுத்தார்கள். அதிலேயே தெரிந்துவிட்டது, இன்று அரசாங்கம் வரப்போகிறது.

இறால் உரிக்கும் கொட்டகையின் வெளிப்பூட்டைக் காணவில்லை. மேஸ்திரி வாய்க்கு வாய் ‘வாங்க, போங்க’ என்றான். இந்த மரியாதையை அவன் உடம்பு ஒருநாளைக்கு மேல் தாங்காது என்று பெண்கள் தங்களுக்குள் சிரித்துக்கொண்டார்கள்.

யார் பேசுவது என்பதில் சண்டையே இல்லை. வாயாடிதான். மேஸ்திரியை எதிர்த்துப் பேசி, பட்டினி கிடந்து வாங்கிய பெயர் அது.

சொல்ல வேண்டியதை இறால் உரித்தபடியே மனப்பாடம் செய்திருந்தாள். தையல் வேலை என்று சொல்லி அழைத்து வந்தது, பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டது, வெளியே பூட்டி வைப்பது. எங்கே தடுமாறினாலும் மற்றவர்கள் எடுத்துக் கொடுத்தார்கள்.

ஆய்வுக்கு வந்த அம்மாள் கறாரானவர். கூடவே ஒட்டிக்கொண்டு வந்த மேஸ்திரியை அறைக்கு வெளியே போகச் சொல்லிச் சைகை காட்டினார். அவன் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். அவரே எழுந்துபோய் அவன் முகத்துக்கு எதிரே கதவைச் சாத்தினார்.

வாயாடிக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது.

மொழிபெயர்க்க அரசாங்கம் அனுப்பியிருந்த ஆள் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு வாயடைத்துப் போயிற்று.

அந்த அம்மாள் நிறுத்தி நிதானமாகப் பேசினார். எங்கள் நாடு உலக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறது. ஆள் கடத்தி வேலை வாங்குவதைத் தடுப்பது அரசாங்கத்தின் பொறுப்பு. உன் மொழியிலேயே சொல்லலாம், யாருக்கும் பயப்பட வேண்டாம்.

எல்லாவற்றையும் மொழிபெயர்ப்பவர் ஒரு சொல் விடாமல் அவளிடம் சொன்னார். பிறகு, அதே கனிவான குரலில், தன் பங்குக்கும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டார்.

“உன் தங்கச்சியும் வரேன்னு சொல்லிட்டாம்மா. உன்ன பஸ் ஏத்திவிட்ட அதே இடத்துலதான் அவளையும் ஏத்திவிடப் போறேன்.”

அந்த அம்மாள் தலையாட்டினார். அவன் பேசுகிற விதம் அவருக்குப் பிடித்திருந்தது.

ஊர் ஊராகப் பெண்களைப் பிடித்து வந்தே இரண்டு மொழியும் பழகியவன் அவன். இரண்டும் தெரிந்த ஆள் வேண்டுமென்று தேடிப் பிடித்த அரசாங்கம், உனக்கு எப்படித் தெரியும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் வாய் முத்து உதிர்ந்துவிடுமா?

மனப்பாடம் செய்தது எல்லாம் எங்கோ போய்விட்டது. தங்கை மட்டும் கண்ணுக்குள் நின்றாள். அந்த அம்மாளின் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டு கதறினாள்.

“என்னைக் கொண்டுவந்து வித்தவனே இவன்தாம்மா! என் தங்கச்சியக் காப்பாத்துங்கம்மா!”

அந்த அம்மாள் பதறிப்போய் அவனைப் பார்த்தார். அவன் தலையைக் குனிந்துகொண்டு, கூச்சப்படுகிறவனைப் போல, அவர் மொழியில் ஏதோ சுருக்கமாகச் சொன்னான்.

அவர் முகம் இளகியது. கண்கூடக் கலங்கிவிட்டது. வாயாடியின் கன்னத்தைத் தடவிக்கொடுத்து என்னவோ சொன்னார்.

அதையும் அவன் அப்படியே மொழிபெயர்த்தான்.

“நன்றியெல்லாம் எதுக்கும்மா, இது எங்க கடமைன்னு சொல்றாங்க.”