சிவப்பு எரிந்தால் பேசலாம்

ஆலையின் இரண்டாவது புகைபோக்கிக்கு அனுமதி கொடுக்கலாமா என்று ஊராரிடம் கருத்துக் கேட்கும் கூட்டம். மண்டப வாசலில் ஒரு கருவி இருந்தது. அதில் ஊதினால், ஆலைப் புகையால் மூச்சு கெட்டவர்களுக்குச் சிவப்பு விளக்கு எரியும். அவர்கள் குடும்பம் மட்டும்தான் பேசலாம். போன தடவை ஊரே பச்சை. கூட்டமாயிற்றே என்று பிள்ளைகளுக்கு மருந்து கொடுத்து, தலை வாரிக் கூட்டிவந்திருந்தார்கள்.

அதனால் இந்தத் தடவை சுகந்தி மகள் மிதுனாவுக்குக் காலையில் மூச்சு மருந்துப் பம்பைக் கொடுக்கவில்லை.

"பம்பு குடும்மா."

"ஊதிட்டுத் தரேன் கண்ணு. கொஞ்சம் பொறுத்துக்கோ."

மிதுனா ஊதினாள். சிவப்பு எரிந்தது. அப்பாடா என்று பின்னால் யாரோ சொன்னார்கள். சுகந்தி தன் தோளைத் தடவினாள். பம்பு வைத்திருந்த பை இல்லை. கறுப்புப் பை கூடாது என்று போலீஸ்காரர் தெருமுனையிலேயே வாங்கி வைத்துக்கொண்டது அப்போதுதான் உறைத்தது. அதற்குள் இருவரையும் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார்கள். பேசி முடிக்கும்வரை திறக்க மாட்டார்களாம்.

சுகந்தி கையில் மைக்கைக் கொடுத்தார்கள். உள்ளே உட்கார்ந்திருந்த ஊரே அவள் வாயைப் பார்த்தது. மிதுனாவின் உதடு நீலம் பாரித்திருந்தது.

"ஐயா, எம் பொண்ணு பம்பு போலீஸ்காரர்கிட்ட இருக்கு. யாராச்சும் எடுத்தாங்கய்யா."

மைக் அணையும்வரை அதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

ஆலைக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை என்று மேடைத் திரையில் எழுத்து ஓடியது. கதவு இன்னும் திறக்கவில்லை.