திரும்பிப் பார்த்த பெயர்

எட்டாம் மாதப் பரிசோதனையில் வயிற்றிலிருக்கும் குழந்தை எந்தப் பெயருக்குத் திரும்புகிறதோ அதைத்தான் பதிவேட்டில் ஏற்றுவார்கள். தளவாயும் அவன் மனைவி மரகதமும் ஆளுக்கொரு பெயரோடு வந்திருந்தார்கள்.

“பொற்கொடி” என்று வயிற்றருகே குனிந்து கூப்பிட்டான் தளவாய். ஸ்கேன் திரையில் மகள் விரல் சூப்பிக்கொண்டு கிடந்தாள்.

“ட்விஷா” என்றாள் மரகதம். அதற்கும் அசைவில்லை.

“ட்விஷாவாம். கூப்பிட்டா எச்சில்தான் தெறிக்கும்.”

“பொற்கொடி மட்டும் என்னவாம்? பள்ளிக்கூடத்துல கொடியா ஏத்தி இறக்கவா?”

குரல்கள் உயர்ந்தன. சட்டென்று வயிறு இறுகியதும் மரகதம் பேச்சை நிறுத்தி, அங்கே கைவைத்து, “ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல” என்று முணுமுணுத்தாள். முதல் இரண்டும் தங்காமல் போனதால் இந்த முறை பஸ் குலுங்கினாலும் இடி இடித்தாலும் அவள் கை வயிற்றுக்குத்தான் போகும். வாய் அதையேதான் சொல்லும்.

திரையில் மகள் விரலை விட்டுவிட்டு மெல்லத் தலையைத் திருப்பினாள்.

“இன்னொரு தடவ சொல்லுங்க” என்றார் நர்ஸ்.

மரகதம் சொன்னாள். மகள் மறுபடியும் திரும்பினாள்.

“இத்தன மாசமா அதச் சொல்லித்தான கூப்பிட்டிருக்கீங்க. அவளுக்கு அதுதான் பேரு” என்றார் நர்ஸ்.

தளவாய்க்குப் பொற்கொடி மறந்துபோயிற்று. அவன் குனிந்து, முதன்முதலாக மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான்.

“ஒண்ணுமில்ல.”

அவள் அவன் பக்கம் திரும்பினாள்.